லேமினேஷன் வேண்டாம், வெயிலும் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஞாயிறு இணைப்பின் கேள்வி-பதில் பகுதியில் புதுச்சேரி வாசகி ஒருவர், தாத்தா விட்டுச்சென்ற ஸ்டாம்ப் ஆல்பங்களில் பூஞ்சை வாடை அடிக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். நல்ல வெயிலில் காயவைத்து, அரிதானவற்றை லேமினேட் செய்து, மிச்சத்தை அந்துருண்டை போட்டு பீரோவில் பூட்டிவைக்கலாம் என்று பதில் வந்திருந்தது. மூன்றும் தவறு. நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் ஐம்பது வருடக் கடற்காற்று செய்யாத சேதத்தை இந்த மூன்றும் ஒரே வாரத்தில் செய்துவிடும்.

லேமினேஷனில் நடப்பது இதுதான். சூட்டில் உருகும் பசை காகித நாருக்குள் இறங்கிவிடும். பிறகு எந்தக் கொம்பனாலும் அதைப் பிரிக்க முடியாது. ஸ்டாம்பின் மதிப்பில் பாதி அதன் முதுகில் இருக்கிறது: பசை அப்படியே இருக்கிறதா, ஹிஞ்ச் (ஆல்பத்தில் நிறுத்த ஒட்டும் சிறு தாள்) ஒட்டிய தடம் உண்டா, காகிதம் எங்காவது மெலிந்திருக்கிறதா, நீர்க்குறி (வெளிச்சத்தில் பிடித்தால் காகிதத்துக்குள் தெரியும் அடையாளம்) எது என்பதெல்லாம் பின்பக்கம் பார்த்துச் சொல்வது. லேமினேட் ஆன ஸ்டாம்பை வாங்குகிறவர் கையில் எடுத்துக்கூடப் பார்க்க மாட்டார். வெயில் சாயத்தை வெளுக்க வைக்கும். ஆல்பத்தின் அட்டை வளையும். பசை வெடிக்கும், வெடித்த பசையோடு சேர்ந்து காகிதமும் கீறும். அந்துருண்டையோ பூச்சியைத்தான் விரட்டும், பூஞ்சையை ஒன்றும் செய்யாது. அதோடு அதன் ஆவி சில வகை பிளாஸ்டிக் தாள்களை இளக்கி ஸ்டாம்போடு ஒட்ட வைக்கும்.

அப்படியானால் முதல் நாள் என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். அடுக்கியிருப்பதைக் கலைக்கக் கூடாது. பரம்பரையாக வந்த ஆல்பத்துக்கு முதல் ஆபத்து ஈரமோ பூச்சியோ அல்ல, வாரிசின் சுறுசுறுப்புதான். சேர்த்தவர் எதற்கோ ஒரு காரணம் வைத்துத்தான் அடுக்கியிருப்பார். ஒரே மாதிரி நான்கு ஸ்டாம்ப் ஒரு பக்கத்தில் இருந்தால் அவை நான்கும் ஒன்றல்ல. ஓரத்துப் பல் எண்ணிக்கையோ நீர்க்குறியோ அச்சோ வேறாக இருக்கும். டூப்ளிகேட் என்று மூன்றை எடுத்துப் பேரப்பிள்ளைகளுக்குப் பங்குபோட்டால் அவர் பல வருடம் தேடிய வேலை அன்றோடு போய்விடும். எனவே முதலில் கைபேசியில் ஒவ்வொரு பக்கத்தையும் நேராக, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் படமெடுங்கள். ஓரத்தில் பென்சிலில் எழுதியிருப்பது, இடையில் செருகியிருக்கும் துண்டுச் சீட்டு, வாங்கிய ரசீது, பழைய கடிதம் எல்லாவற்றையும் அது இருந்த பக்கத்தோடு சேர்த்தே எடுங்கள். படங்களை இரண்டு இடத்தில் சேமித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம்.

மேசையில் வெள்ளைத் துணியோ வெள்ளைத் தாளோ விரித்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். விசிறி சுழலும் அறையில் ஸ்டாம்ப் பிரிக்கிறவர் பாதி நேரம் கட்டிலுக்கு அடியில்தான் இருப்பார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ள வேண்டும். தலைக்கு எண்ணெய் தேய்த்த கை, மஞ்சள் அரைத்த கை இரண்டும் ஆகாது. முனை தட்டையான, ரம்பப் பல் இல்லாத ஸ்டாம்ப் இடுக்கி ஒன்று, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று, ஓரப் பற்களை அளக்கும் பல் அளவி ஒன்று, 2பி பென்சில். இவ்வளவு போதும். புருவம் திருத்தும் இடுக்கி வேண்டாம். அது காகிதத்தில் பல் பதிக்கும்.

பிறகு ஆறு குவியல்: ஆல்பங்கள், உதிரி ஸ்டாம்புகள், உறைத்துண்டோடு வெட்டிவைத்தவை, முழு உறைகளும் அஞ்சலட்டைகளும், முதல் நாள் உறைகளும் (ஸ்டாம்ப் வெளியான அன்றே முத்திரை குத்தியவை) அஞ்சல்துறையின் விவரச் சீட்டுகளும், கடைசியாகப் பத்திரங்களில் ஒட்டிய ரெவின்யூ, கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்புகள். கடைசிக் குவியலைப் பலரும் குப்பையில் போடுகிறார்கள். போடாதீர்கள், அவற்றைத் தேடிச் சேர்க்கிறவர்கள் தனியாக இருக்கிறார்கள்.

இனி நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது. நான்காவது குவியலில், அதாவது முழு உறைகளில், கத்தரிக்கோல் படவே கூடாது. வேறு ஊரில் இது பொதுவான அறிவுரை. புதுச்சேரி, காரைக்கால், கடலூர் வீடுகளில் இதுதான் முதல் விதி.

காரணம் நம் ஊர் வரலாறு. 1892 வரை பிரெஞ்சு இந்தியாவுக்கென்று தனி ஸ்டாம்ப் கிடையாது. பிரான்சின் எல்லாக் காலனிகளுக்கும் பொதுவாக அச்சிட்டவையே இங்கும் ஓடின. அந்த ஸ்டாம்ப் ஒன்று புதுச்சேரியில் ஒட்டப்பட்டதா, வேறு ஏதோ தீவில் ஒட்டப்பட்டதா என்பதை அஞ்சல் முத்திரை ஒன்றுதான் சொல்லும். முத்திரையில் பாதி ஸ்டாம்ப் மேல் விழும், மீதிப் பாதி உறை மேல் விழும். ஸ்டாம்பை வெட்டியோ ஊறவைத்தோ எடுத்துவிட்டால் 'பொந்திஷேரி' என்ற எழுத்தில் பாதி குப்பைக்குப் போகும், கையில் நிற்பது ஊர்பேர் தெரியாத ஒரு பொதுக் காலனி ஸ்டாம்ப். இதே போல, பிரெஞ்சு ஆட்சியிலேயே புதுச்சேரியில் பிரிட்டிஷ் இந்திய அஞ்சலகமும் இயங்கியது. விக்டோரியா ராணி தலை மீது புதுச்சேரி முத்திரை இருந்தால் அது பிழையுமல்ல, போலியுமல்ல. தேடி அலைகிறவர்கள் இருக்கும் சரக்கு. அதையும் உறையோடு வைத்தால்தான் கதை முழுமை.

1892-க்குப் பிறகு வந்தவற்றில் 'இந்தியாவிலுள்ள பிரெஞ்சுக் குடியேற்றங்கள்' என்று பிரெஞ்சில் எழுதியிருக்கும். 'இந்த்' (INDE) என்ற சொல்லைத் தேடினால் போதும். 1914-இல் பிரம்மா உருவமும் காளி கோயில் படமும் போட்ட வரிசை வந்தது. 1923-இல் நாணயத்தைப் பிராங்கிலிருந்து ரூபாய்க் கணக்குக்கு மாற்றினார்கள்: 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். பழைய ஸ்டாம்புகளின் மேலேயே புது விலையை அச்சடித்து விற்றார்கள். ஒரே பிரம்மா படம், மேலே கறுப்பிலோ நீலத்திலோ வேறு வேறு எழுத்து என்று ஒரு பக்கம் முழுக்க இருந்தால் அதற்குக் காரணம் இதுதான். 1940-இல் புதுச்சேரி, ஜெர்மனிக்குப் பணியாத ஜெனரல் தெகோல் பக்கம் சேர்ந்ததை ஒட்டி 'சுதந்திர பிரான்ஸ்' என்று பிரெஞ்சில் மேலச்சு அடித்தவை வந்தன. இவற்றில் போலி மேலச்சு நிறைய உண்டு. லென்ஸில் பார்க்கும்போது மேலச்சின் மை அஞ்சல் முத்திரையின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தால், ஸ்டாம்ப் உபயோகித்த பிறகு எவரோ அடித்தது என்று பொருள். 1942-இல் தாமரை வரிசை, 1948-இல் அப்சரஸ், துவாரபாலகர் போன்ற கோயில் சிற்ப வரிசை. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் சில வாரங்களில் போன உறைகளில் முத்திரை ஓர் ஆட்சியுடையதாகவும் ஸ்டாம்ப் மற்றோர் ஆட்சியுடையதாகவும் இருப்பதுண்டு. தேதி தெளிவாகத் தெரிகிற அப்படிப்பட்ட உறை, சுத்தமாகக் கழுவி எடுத்த நூறு ஸ்டாம்புக்குச் சமம்.

சொல்தா குடும்பங்களின் (பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்கள்) பெட்டிகளில் இன்னொன்றும் கிடைக்கும்: சைகோனிலிருந்து வந்த கடிதங்கள். இந்தோசீனா ஸ்டாம்ப், ராணுவ அஞ்சல் முத்திரை, தணிக்கைக்காரர் பிரித்து ஒட்டிய பட்டை, மூலையில் பென்ஷன் கணக்கு. இவற்றில் ஸ்டாம்ப் மலிவாக இருக்கும், உறைதான் விலை. உள்ளே கடிதம் இருந்தால் அதை உறையிலிருந்து பிரித்துத் தனியாக வைக்காதீர்கள். மடிப்பை நிமிர்த்தி அமிலமில்லாத தாளில் சுற்றி உறையோடு சேர்த்து வையுங்கள். உறையின் நுனி கிழிந்திருந்தால் செல்லோடேப் ஒட்டவே கூடாது. அதன் பசை சில வருடத்தில் பழுத்து மஞ்சள் எண்ணெய்க் கறையாக இறங்கும், அந்தக் கறை போகாது.

இனி மூன்றாவது குவியல், உறைத்துண்டோடு வெட்டிவைத்தவை. இவற்றைத்தான் ஊறவைக்கலாம், அதுவும் எல்லாவற்றையும் அல்ல. சிவப்பு, பச்சை, ஊதா நிற உறையில் ஒட்டியிருப்பவை சாயம் விடும்; அவற்றை ஒவ்வொன்றாகத் தனிக் கிண்ணத்தில் போட வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் ஊதா, பச்சை ஸ்டாம்புகள், சமஸ்தான ஸ்டாம்புகள், கையால் அடித்த மேலச்சுள்ளவை தண்ணீர் பட்டாலே கரையக்கூடும். அவற்றைத் தொடாதீர்கள். அமெரிக்கா போன்ற நாடுகளின் இக்கால ஒட்டி ஸ்டாம்புகள் தண்ணீரில் கழலவே கழலாது. சுற்றிலும் 3 மில்லிமீட்டர் தாள் விட்டு நறுக்கி அப்படியே வைத்துக்கொள்வதுதான் வழி.

ஊறவைக்கும் முறை. ஸ்டாம்பைச் சுற்றி கால் அங்குலம் விட்டு வெட்டிக்கொள்ளுங்கள், பல்லுக்கு ஒட்டி வெட்டினால் ஒருநாள் பல்லே போகும். அகலமான எவர்சில்வர் தட்டில் இரண்டு விரல்கடை ஆழத்துக்கு அறைவெப்பத் தண்ணீர். நம் கடலோரப் போர் தண்ணீரில் உப்பு இருக்கும், காய்ந்ததும் முதுகில் வெள்ளையாகப் பூக்கும், அதனால் வடிகட்டிய குடிநீரே எடுங்கள். வெந்நீர் வேண்டாம், சாயத்தை இளக்கும். ஒரு தடவைக்கு 20, 25 ஸ்டாம்ப். ஒன்றன்மேல் ஒன்று விழாமல், படம் மேலே பார்க்க மிதக்கவிடுங்கள். 15 முதல் 30 நிமிடத்தில் உறைத்துண்டு தானே கீழே இறங்கும், ஸ்டாம்ப் மேலே வழுக்கிக்கொண்டு நகரும். நகராவிட்டால் இழுக்காதீர்கள். இன்னும் பத்து நிமிடம் விட்டால் ஆயிற்று. இழுத்தால் முதுகில் ஒரு படலம் உரிந்து உறையோடு போய்விடும். முன்பக்கம் ஒன்றும் தெரியாது, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்த இடம் மட்டும் மெலிந்து பளிச்சென்று தெரியும். அதற்கு மருந்து இல்லை.

கழன்றதை இரண்டாவது கிண்ணத்துச் சுத்தத் தண்ணீரில் போட்டு, விரல் நுனியால் முதுகை மெதுவாகத் தடவுங்கள். வழவழப்பு நின்றால் பசை போய்விட்டது. மிச்சப் பசை இருந்தால் காயும்போது தாளோடு மறுபடி ஒட்டிக்கொள்ளும். பிறகு மையொற்றுத் தாளில் படம் கீழே, முதுகு மேலே வைத்துக் காயவிடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அதன் மை ஏறும். உங்கள் பத்திரிகையானாலும் சரி. முக்கால் பங்கு காய்ந்து, இன்னும் கொஞ்சம் துவண்டிருக்கும்போதே புதிய மையொற்றுத் தாள்களுக்கு நடுவில் வைத்து மேலே நான்கைந்து கனமான புத்தகங்களை ஏற்றி ஒரு நாள் விட்டுவிடுங்கள். முழுக்கக் காயவிட்டு அழுத்தினால் சுருண்டது நிமிராது. ஹேர் டிரையர் பிடித்தால் அப்பளம்தான். இந்த வேலையைப் பங்குனியில் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தொடவேண்டாம், காய மாட்டாது, காய்வதற்குள் புள்ளி விழும்.

ஆல்பத்தில் சோற்றுப் பசையாலோ மைதாப் பசையாலோ ஒட்டியிருப்பவைக்கு வேறு வழி. மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில், நனைத்து நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சை அடியில் வைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் வலை. ஆல்பத் தாளை ஸ்டாம்ப் அளவுக்கு வெட்டி வலைமேல் வைத்து மூடினால், ஈரக்காற்று மட்டும் போய் பசையை இளக்கும். சேகரிப்போர் இதை வியர்வைப் பெட்டி என்பார்கள். மணிக்கொரு தரம் திறந்து, ஓரத்தை இடுக்கியால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். மூன்றிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். நம் சீதோஷ்ணத்தில் ஒரு ராத்திரிக்கு மேல் விட்டால் டப்பாவுக்குள் பூஞ்சை குடியேறும். முன்னோர் ஹிஞ்ச் என்ற சிறு ஒட்டுத்தாள் போட்டு நிறுத்தியிருந்தால் அதை உரிக்கவே தேவையில்லை. பழைய ஹிஞ்ச் ஸ்டாம்புக்குக் கேடு செய்வதில்லை. உரிக்கப் போகிற கைதான் கேடு செய்யும்.

இப்போது பூஞ்சை. காகிதத்துக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம். புதுச்சேரியிலும் கடலூரிலும் வருடத்தில் பாதி நாள் 70-ஐத் தாண்டியே இருக்கும். 65-க்கு மேலே போனால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். இன்னும் ஏறினால் மிண்ட் (உபயோகிக்காத, பசை போகாத) ஸ்டாம்புகளின் பசை தானாக இளகி எதிர்ப் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். பல் நுனிகளில் முதலில் தேன் நிறம் ஏறும், பிறகு பழுப்புப் புள்ளி. புள்ளி விழுந்ததை நல்லதோடு வைக்காதீர்கள், அதன் தூள் பரவும். அப்படிப்பட்ட பக்கங்களைத் தனியே எடுத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, வாசலில் நிழலில், மெல்லிய ஓவியத் தூரிகையால் ஒரே திசையில் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள். பிளீச்சிங், வினிகர், டெட்டால் எதுவும் கிட்டே வரக் கூடாது. புள்ளி மங்கலாம், கூடவே சாயமும் காகிதமும் போகும். விழுந்த புள்ளி அப்படியே இருக்கட்டும், புதுப் புள்ளி விழாமல் பார்ப்பதுதான் நம்மால் ஆவது.

அதற்கு ஏசி தேவையில்லை. தினமும் நாலு மணி நேரம் ஏசி போட்டு நிறுத்தினால் ஈரம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், அது நிலையான ஈரத்தைவிட மோசம். மூடியில் ரப்பர் வளையம் உள்ள பாலிபுரொப்பிலீன் பெட்டி போதும். உள்ளே சிறிய டிஜிட்டல் ஈரமானி ஒன்று வையுங்கள். சிலிக்கா ஜெல்லைப் பலரும் மருந்து டப்பாவில் வந்த இரண்டு பொட்டலத்தைப் போட்டுவிட்டுத் திருப்திப்படுகிறார்கள். அது சமுத்திரத்தில் பெருங்காயம் கரைத்த கதை. மழைக்காலத்தில் காகிதம் கிட்டத்தட்ட தன் எடையில் பத்தில் ஒரு பங்கு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஐந்து கிலோ ஆல்பத்தை 50 சதவீதத்துக்குக் கொண்டுவர முதல் முறை அரைக்கிலோ ஜெல் பிடிக்கும். ஒரு வாரம் ஆகும். அதன்பின் 100, 150 கிராம் இருந்தால் மாதக்கணக்கில் தாங்கும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கிறது, சமையல் பாத்திரத்தில் சூடாக்கக் கூடாது. ஆரஞ்சு நிறம் வாங்குங்கள், ஈரம் குடித்ததும் நிறம் மாறும். இதற்கென்றே வைத்த பழைய வாணலியில் சிறுதீயில் கிளறி, நிறம் திரும்பியதும் இறக்கி, மூடிய டப்பாவில் முழுக்க ஆறவைத்துத் துணிப்பையில் கட்டிப் பெட்டியில் போடலாம். மானி 40-க்குக் கீழே இறங்கினால் பாதி ஜெல்லை வெளியே எடுத்துவிடுங்கள்; அதிகம் உலர்ந்தால் பசை சுருங்கி ஸ்டாம்ப் சுருளும்.

ஆல்பங்களைப் படுக்க வைத்து அடுக்காதீர்கள். புத்தகம்போல் நிற்க வையுங்கள், இறுக்காமல். படுக்க வைத்தால் அடி ஆல்பத்துக்கு மேலிருக்கும் எடை பசையை அழுத்தி ஒட்ட வைக்கும். புதிதாக வாங்குவதானால் ஸ்டாக் புக் வாங்குங்கள், கண்ணாடித்தாள் பட்டை வைத்தது. ஒட்டும் பக்கமுள்ள போட்டோ ஆல்பம் சத்துரு. பிளாஸ்டிக் உறை வாங்கும்போது மூக்கருகே பிடித்துப் பாருங்கள்; புது மழைக்கோட்டு வாடை அடித்தால் பி.வி.சி., அதிலிருந்து கசியும் எண்ணெய் ஸ்டாம்பின் மையை இழுத்துக்கொள்ளும். வாடை இல்லாத பாலிபுரொப்பிலீனும் பாலியெஸ்டரும் நல்லது.

பெட்டியை எங்கே வைப்பது? மழை அடிக்கும் சுவரை ஒட்டி வேண்டாம், பரண் வேண்டாம், பீரோவின் கீழ்த்தட்டு வேண்டாம், விளக்கெண்ணெய்ப் புகை வரும் பூஜை அறை அலமாரியும் வேண்டாம். உள்சுவர் ஓரம், சுவருக்கு நாலு விரல் தள்ளி, நெஞ்சுயரத்தில். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல். தரைத்தளத்தில் முழங்கால் உயரம் தண்ணீர் என்பது நமக்குப் புதிதல்ல. ஒருவேளை ஆல்பம் நனைந்துவிட்டால் 48 மணி நேரத்தில் பூஞ்சை தொடங்கும். ஒட்டிய பக்கங்களைப் பிரிக்காதீர்கள். சேறு இருந்தால் சுத்தத் தண்ணீரில் மெல்ல அலசி, நீர் வடியவிட்டு, பாலித்தீன் பையில் சுற்றி ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். உறைந்திருக்கும்வரை பூஞ்சையும் நிற்கும், சாயமும் நிற்கும். மின்சாரம் வந்து, வீடு காய்ந்து, மனமும் ஆறிய பிறகு நாலைந்து தாளாக எடுத்து வேலை செய்யலாம். மிண்ட் ஸ்டாம்புகளின் பசை போனது போனதுதான்.

பூச்சிக்கும் அதே ஃபிரீசர் உதவும். வெள்ளிமீன் என்கிற வால்பூச்சி மாவுப் பசையைத் தேடி வந்து மேற்பரப்பைச் சுரண்டித் தின்னும். கரப்பான் பசையையும் தின்னும், கறையும் வைக்கும். ஆல்பத்தை இரண்டு பாலித்தீன் பைகளில் காற்று போக்கி இறுகக் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு முழு நாள் அறையில் வைக்க வேண்டும். உடனே திறந்தால் குளிர்ந்த காகிதத்தின் மேல் நம் ஊர்க் காற்று தண்ணீராகப் படியும். வேப்பிலை, வசம்பு வைப்பவர்கள் துணி முடிச்சாக அலமாரி மூலையில் வைத்துக்கொள்ளுங்கள், ஆட்சேபம் இல்லை. ஆல்பத்துக்குள் மட்டும் வேண்டாம், இலை கறை வைக்கும்.

கடைசியாகப் பணம். வாட்ஸ்அப்பில் சுற்றும் 'இந்த ஸ்டாம்ப் உங்களிடம் இருந்தால் ஐம்பது லட்சம்' வகையறாவை நம்ப வேண்டாம். பெரும்பாலான ஆல்பங்களில் இருப்பவை லட்சக்கணக்கில் அச்சடித்தவை. 1960 செப்டம்பர் 11-இல் வெளியான 15 நயா பைசா பாரதி ஸ்டாம்ப் நமக்கு உயிர், சந்தையில் அது எளிதாகக் கிடைக்கும் சரக்கு. கேட்டலாக் (ஸ்டாம்புகளைப் பட்டியலிட்டு விலை சொல்லும் நூல்) விலை என்பது குறையில்லாத பிரதிக்குக் கடைக்காரர் விற்கும் விலை. கலவையான ஆல்பத்தை வாங்குகிறவர் அதில் நாலில் ஒரு பங்கோ, அதற்கும் கீழோதான் கொடுப்பார்; அதை மோசடி என்று சொல்ல முடியாது, பிரித்து அடுக்கி விற்கும் கூலி அவருடையது. இந்திய ஸ்டாம்புக்கு ஸ்டான்லி கிப்பன்ஸ் கேட்டலாக் எண்ணும், பிரெஞ்சு இந்தியாவுக்கு இவேர் கேட்டலாக் எண்ணும் பயன்படும்.

எல்லாரும் முதலில் தேடுவது 1948 ஆகஸ்ட் 15-இல் வந்த காந்தி பத்து ரூபாய். சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகத்தில் ஃபோட்டோகிராவ்யூர் முறையில் அச்சானது. போலியும் வண்ண நகலும் ஏராளம். பல் அளவியில் வைத்தால் இரண்டு சென்டிமீட்டருக்கு 11½ பல் வர வேண்டும். 10 மடங்கு லென்ஸில் முகத்தின் நிழல் பகுதியைப் பாருங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் வட்டம் வட்டமாகக் கூடியிருந்தால் அது இந்தக்கால ஆஃப்செட் நகல், மேலே பார்க்க வேண்டியதில்லை. அசலில் மை சீராக, மிக நுண்ணிய கட்டங்களாகப் படிந்திருக்கும். அரசு அலுவலகத் தபாலுக்கான 'சர்வீஸ்' மேலச்சோடு பத்து ரூபாய் காந்தி கிடைத்தால் துள்ளிக் குதிக்கும் முன் நிபுணர் சான்றிதழுக்கு அனுப்புங்கள். அது அச்சானதே 100 பிரதிகள்.

ஒரு நோட்டில் பக்க எண், நாடு, வருடம், விலை, கேட்டலாக் எண், நிலை, குறிப்பு என்று கோடு போட்டு எழுதி வாருங்கள். ஒரு மாலைக்கு நூறு ஸ்டாம்ப் என்றால் மூவாயிரத்துக்கு ஒரு மாதம். பேனாவில் ஆல்பப் பக்கத்தில் எழுதாதீர்கள். நோட்டு முடிவதற்குள் யாரிடமும் விலை கேட்க வேண்டாம். கேட்கும்போது நல்ல பத்தை மட்டும் கழற்றித் தராதீர்கள். உறைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்பவர் விவரமானவர், அவருக்கு மற்றொருவர் சொல்லும் விலையையும் கேட்டுக்கொண்டு பதில் சொல்லுங்கள். ஆல்பத்தை ஒரு ராத்திரிகூட வெளியே விட்டுவைக்காதீர்கள். படங்களைக் காட்டினாலே போதும்.

கேள்வி கேட்ட வாசகிக்கு: இந்த மாதம் படமெடுப்பது, பூஞ்சைப் பக்கங்களைப் பிரிப்பது, பெட்டியும் ஜெல்லும் வாங்குவது, இந்த மூன்றை மட்டும் செய்யுங்கள். தண்ணீர் வேலை பங்குனி வரை காத்திருக்கும். லேமினேஷன் கடையில் ஏற்கெனவே கொடுத்திருந்தால், இன்றே போய் மிச்சத்தை வாங்கி வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தபால்தலை சேகரிக்கும் வாசகர்கள் சிலர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி மற்றும் மஞ்சக்குப்பம், கடலூர்.